கூரைக்கு உள்ளே இருந்த பெயர்

போத்தனூர்,
ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு

அன்புள்ள ஆஷ்லி கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். அடிலெய்டில் குளிர் தொடங்கிவிட்டது என்று சொன்னாய், இங்கே பாலக்காட்டுக் காற்று நாலு நாளாக வீசு வீசென்று வீசுகிறது, கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டுக்காரர் வாசலில்தான் கிடக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் சபைக் கூட்டத்துக்குப் போனால் யாருக்கும் தெரியாமல் கேக் எடுத்து வாயில் போட்டுவிடுகிறார். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும், எனக்கும் இதை நிறுத்தி நிதானமாகச் சொல்லத்தான் ஆசை. உன் ஞானாபரணம் தாத்தா செய்த ரயிலைப் பற்றியது.

நீ அதைப் பார்த்ததில்லை, நம் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பேப்பர் செய்தியை மட்டும் பார்த்து வளர்ந்தவள். சிக்னல் இன்ஸ்பெக்டர் செய்த பொம்மை ரயில் என்று 1963-இல் வந்தது, தாத்தா மேசைக்குப் பக்கத்தில் கைகட்டி நிற்பார். புதிதாக வேலைக்கு வரும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக இருபதடி மேசையில் தண்டவாளம், ஸ்டேஷன், கேபின், கைகாட்டி எல்லாம் வைத்துக் கட்டியது. கைகாட்டி இறங்கினால்தான் வண்டி நகரும், அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடிக்கும். எட்டு வயதில் நான் அதன் முன்னால் நின்றபோது, மழை பெய்தால் இந்த ஊரும் நனையுமா என்று தாத்தாவைக் கேட்டேனாம். பிறகு அதைக் கழித்துப் போட்டுத் தார்ப்பாய் மூடி எங்கேயோ வைத்திருந்தார்கள். போன வருடம் இங்கே சின்னதாக ஒரு ரயில் அருங்காட்சியகம் அமைக்கும்போது அது திரும்பக் கிடைத்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வெங்கடபதி நல்ல பிள்ளை, வீடு தேடி வந்து, நீங்க டீச்சரா இருந்தவங்க, உங்க அப்பா செஞ்சது வேற, இதோட சரித்திரத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கோணுங்க என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசையாக ஒரு நோட்டு வாங்கி, பழைய ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.

மாசி மாதம் ஒரு நாள் துருப்பிடித்த ஸ்டேஷனைச் சுத்தம் செய்யக் கூரையைக் கழற்றினார்கள், நானும் பக்கத்தில் இருந்தேன். வெளியே சிவப்பு ஓடு போலப் பெயிண்ட், உள்ளே திருப்பினால் பிஸ்கட் டின். அச்சடித்த ரோஜாப்பூ அப்படியே இருந்தது, அந்தப் பூவின் மேல் ஆணியால் கீறி, அ. முத்தலிப், கோட்டைமேடு, 1963 என்று எழுதியிருந்தது. என்ஜின் கொட்டகைக்குள் பார்த்தோம், அங்கேயும் அதே பெயர். பெட்டிகளின் அடியில், கேபினின் உள்சுவரில், தண்ணீர்த் தொட்டிக்குள். தாத்தா ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை கண்ணு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் படுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பி போட்ட ஒருவர் பையோடு நம் குவார்ட்டர்ஸுக்கு வந்து பின்பக்கம் உட்கார்ந்திருப்பதும், யார் என்று கேட்டால் தகரம் கொண்டுவருகிறவர் என்று தாத்தா சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கோட்டைமேட்டில் போய் விசாரித்தேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவருக்குத் தெரிந்திருந்தது. முத்தலிப் பாயா, தகர வேலையில அவரு கை யாருக்கும் வராதுங்க, அவரு மகள் பொள்ளாச்சியில இருக்காங்க என்றார். மறுநாளே உக்கடத்தில் பஸ் ஏறினேன். அந்த அம்மா பெயர் சாஜிதா பேகம், என்னைவிட இரண்டு வயது பெரியவர். நான் ஞானாபரணத்தின் மகள் என்றதும் என் முகத்தையே பார்த்தார், பிறகு உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்து வந்தார். பழுப்புக் காகிதத்தில் வெட்டிய அளவுகள், ஸ்டேஷன் சுவர், கதவு, பெட்டியின் பக்கங்கள் எல்லாம். அதில் ஒன்றில், ஜன்னல் இன்னும் கால் அங்குலம் சிறியதாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரியாதா. என் முதல் சிலேட்டில் தாத்தா எழுதிக் கொடுத்த எழுத்து. 1963-இல் அந்த ரயிலைத் திறந்துவைத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார், அத்தா என்னையக் கூட்டிட்டுத்தானுங்க வந்தாரு, பாஸ் இல்லாம உள்ள உடலீங்க, வெளியவே நின்னு மணிச் சத்தத்தக் கேட்டுப்போட்டுத் திரும்பிட்டோம், உக்கடத்துல எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் குடுத்தாரு. எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. சாப்பிட்டுத்தான் போகோணும் என்று சோறு போட்டார், சாப்பிட்டுத்தான் வந்தேன்.

தண்டவாளத்தின் அமைப்பு, கைகாட்டி, மின்சார வேலை எல்லாம் தாத்தாவின் மூளை, அதில் சந்தேகமில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஊர் முழுவதும் முத்தலிப்பின் கை. வெளி ஆளை வைத்துச் செய்தது மேலதிகாரிக்குத் தெரிந்தால் சிக்கல் என்று பயந்து தாத்தா மறைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ரிட்டயர் ஆன பிறகு இருபது வருடம் இருந்தாரே, யாரும் தடுக்கவில்லையே. நோட்டில் எழுதியதைக் கிழித்துவிட்டு இரண்டு பெயரையும் போட்டு எழுதினேன். பிராங்க் மாமாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். போனவரு வந்து பதில் சொல்ல முடியுமாக்கா, ஊரே மெச்சின மனுசன அவரு பெத்த மகளே இப்படிப் பண்ணலாமா என்று போனை வைத்தவன்தான், மூன்று வாரம் பேசவில்லை. வெங்கடபதியும் தயங்கினார், போர்டு அடிச்சாச்சுங்களே டீச்சர் என்றார். இரண்டு பெயரும் இல்லாவிட்டால் என் கட்டுரையும் வேண்டாம், எங்கள் அப்பா படமும் வேண்டாம் என்றேன். மாணவிகளிடம்கூட நான் அப்படிக் கறாராகப் பேசியதில்லை. கடைசியில் இரண்டு பெயரையும் தாளில் அச்சடித்துப் பழைய போர்டின் மேலேயே ஒட்டினார். ஒரு மூலை பசை பிடிக்காமல் தூக்கிக்கொண்டிருந்தது, என் விரலால் அழுத்திக்கொண்டே நின்றேன்.

அருங்காட்சியகத் திறப்பு அன்றைக்குச் சாஜிதா பேகம் பேத்தி ஹிபாவோடு வந்தார். போர்டைப் படித்தார், முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். வண்டி ஓடுவதை மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பிளாட்பாரத்தைக் காட்டினார். அதில் நகத்தளவு தகர மனிதர்கள் முப்பது பேருக்கு மேல் நிற்கிறார்கள். மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பெண் அவர் அம்மா, பக்கத்தில் இரட்டைச் சடை அவர். நடுவில், எல்லாரையும்விட உயரமாக, கக்கத்தில் குடையோடு ஒருவர். இது உங்க அப்பாங்க, இதுக்கு மட்டும் அத்தா மூணு தரம் தகரம் வெட்டினாரு, சாரு நிக்கிற நிலை சரியா வரோணும்னு என்றார். உங்கள் அத்தா எங்கே என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துவந்தார். தன்னய அவரு வெக்கவே இல்லீங்க என்றார். அந்தப் பொம்மையைப் படம் எடுத்து பிராங்க் மாமாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அக்கா, அது அப்பா குடைதான், புடி வளைஞ்சிருக்கறதக்கூட வெச்சிருக்காரு என்றான். 

சின்னவன் பள்ளிக்கூடத்தில் கொள்ளுத் தாத்தாவின் ரயிலைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினான் என்றாயே, அவனை உட்காரவைத்து முத்தலிப் என்ற பெயரையும் சொல்லிக்கொடு. தாத்தாவைப் பற்றிக் குறைவாகச் சொல்லாதே, இருந்ததைச் சொல். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, காலையில் வெறும் வயிற்றோடு காரை எடுக்காதே. டிசம்பரில் வரும்போது ஒரு நாளைப் பொள்ளாச்சிக்கு ஒதுக்கிவை, சாஜிதா அம்மா பிரியாணிக்குச் சொல்லியிருக்கிறார். உங்கள் மூவருடைய போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா
ஜெயக்கொடி