வாசக்கதவுக் கட்டை

என் கோபக்காரிக்கு,

எனக்கும் ஒண்ணும் ஆகலை, வண்டிக்கும் ஒண்ணும் ஆகலை. பதறாம படி.

போன வாரச் சண்டையில என் மேல வீசுனியே, வாசக்கதவு சாத்திக்காம இருக்க வைக்கிற கட்டை, அதை நான்தான் எடுத்துட்டு வந்தேன். மறுபடி வீசிடுவியோன்னு பயம்.

நேத்து மத்தியானம் பெட்ரோல் லாரியை ஒரு சரிவுல நிறுத்தினேன். அது பக்கத்துல நின்னு போன் பேசக் கூடாது. ஆளில்லாம விட்டுட்டுப் போகவும் கூடாது. புது டிரைவர்களுக்கு இதை வாய் கிழியச் சொல்றவனே நான்தான். ஆனாலும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன், கைக்கு எட்டின உன் கட்டையை டயருக்கு முன்னால வச்சேன், தெருமுனைக்குப் போய் உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கலை. குத்தமாச் சொல்லலை.

திரும்பி வந்தா வண்டி ஒரு சாண் நகர்ந்திருக்கு. பிரேக் பிடிக்கலை, உன் கட்டைதான் பிடிச்சிருக்கு. கீழே பஸ் ஸ்டாப்புல ஏழெட்டுப் பேர் சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. நான் அப்படியே ரோட்டுலயே உக்கார்ந்துட்டேன்.

முதலாளிகிட்ட நானே சொன்னேன். கிழிகிழின்னு கிழிச்சார். அவ்வளவு நிம்மதியா நான் திட்டு வாங்கினதே இல்ல.

வண்டி ஒர்க் ஷாப்புல இருக்கு. ஞாயித்துக்கிழமை வர்றேன். டயர் தடம் பதிஞ்ச அந்தக் கட்டையோடதான் வர்றேன். அது இல்லாம வாசக்கதவு தானாச் சாத்திக்கும். அதுவரைக்கும் நீதான் கொஞ்சம் பிடிச்சுக்கணும்.

இப்படிக்கு,
உன் குறிக்குத் தப்பின வீட்டுக்காரன்