கற்பூரத்தை நம்பி எழுதிய சொல்

புதுவாயல்,
ஐப்பசி 9

அன்பு மகள் அருணாவுக்கு அப்பா எழுதுவது. ஈசன் அருளால் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சிங்கப்பூரில் குறையின்றி இருக்க வேண்டும். நாங்களும் அவ்வாறே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி தணிந்திருக்கிறது, உன் தம்பி குணா ஞாயிறுதோறும் செவ்வாப்பேட்டையிலிருந்து வந்து போகிறான், நடவும் முடிந்தது. ஆனால் ஏரிப் பாசனத்து நாற்று நுனியிலிருந்து கருகி வருகிறதம்மா.

உங்கள் கம்பெனி விற்கும் பிளாஸ்டிக் உறைகளின் எடைக்கு எடை பழைய உறைகளை மறுசுழற்சி செய்துவிட்டதாகச் சொல்லும் சடையப்பனின் கிடங்கு நம் ஏரிக்குப் பக்கந்தானே, பார்த்து எழுதுங்கள் என்று சென்ற தையில் கேட்டாய். போனேன். நெற்றி நிறையத் திருநீறோடு வரவேற்ற அவர், என்னை நம் சிவன் கோயிலுக்கே அழைத்து வந்து, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, ஓர் உறையும் மண்ணுக்குப் போவதில்லை என்று சத்தியம் செய்தார். சந்நிதியில் சொன்ன சொல்லுக்கு மேல் சாட்சி எதற்கு என்று எண்ணி, இயந்திரம் ஓடுகிறதா என்றுகூடப் பாராமல், நேரில் கண்டேன், எல்லாம் ஒழுங்கு என்று எழுதிவிட்டேன். அதை வைத்து நீ அவருடைய மறுசுழற்சிக் கணக்கில் கையெழுத்திட்டாய்.

அந்தக் கிடங்கில் வேலை செய்து நின்றுவிட்ட எபினேசரிடம் போன வாரம் இதைச் சொன்னபோது சிரித்தான். இன்னா பெரியவரே, கற்பூரம் ஏத்துனா கவரு உருகிடுமா, மிஷினு வந்த நாளா ஓடவேயில்ல, லோடு வந்தா எடை போட்டுக்கினு நேரா ஏரி உள்ளாற குழியில தள்ளிக் கொளுத்தி மண்ணப் போட்டு மூடுறாங்க, அலுமினியம் ஒட்டுன கவர எவன் வாங்குவான் என்றான். அவனோடு போய்ப் பார்த்தேன். மூடிய மண் செருப்பையும் மீறிச் சுட்டது. இரண்டு நாள் மழைக்குப் பின்னும் உள்ளே புகைகிறது. ஏரி நிரம்ப இன்னும் இரண்டடிதான். நிரம்பினால் அந்தக் குழி முழுவதும் நம் கிணறுகளுக்கு வந்து சேரும். நீராய் நிற்பவன் அவனே என்று நாள்தோறும் ஓதுகிறேன், நஞ்சுண்ட கண்டனைப் பாடுகிறேன். ஊருக்குள் நஞ்சு இறங்க வழிவிட்டவனும் நானே.

நேற்றுச் சடையப்பன் பிரசாதத்தோடு வந்தார். மாசக் கடைசிக்குள்ள இந்தத் தபா கணக்குலயும் பாப்பா கையெழுத்துப் போட்டுடும் இல்ல நைனா என்று கேட்டார். பிறகு, உங்க லெட்டரு காப்பி எங்கிட்ட பத்திரமா இருக்கு, பாப்பா வேலையே அது மேலதான் நிக்குது என்று சிரித்தபடியே திருநீற்றை நீட்டினார். வாழ்வில் முதன்முறையாகத் திருநீற்றுக்குக் கை நீட்டத் தயங்கினேன்.

கையெழுத்திடாதே. நான் பாராமல் எழுதினேன் என்பதை ஒப்புக்கொண்டு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் மேலதிகாரியிடம் கொடு. வேலை போகலாம். போனால் போகட்டும் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, ஆனாலும் சொல்கிறேன். திங்களன்று எபினேசரோடு திருவள்ளூர் சென்று கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறேன்.

உன் குடும்பத்துக்கு எல்லா நலமும் அம்மையப்பன் அருளட்டும். பொங்கலுக்குக் குழந்தையை அழைத்து வருவதாகச் சொன்னாயே, இந்த முறை வேண்டாம்.

உன் அப்பா,
அருணாச்சலம்

பின்குறிப்பு: இதனுடன் உங்கள் கம்பெனிப் பெயர் பொறித்த உறைத்துண்டு ஒன்று இருக்கிறது. இன்று காலை நம் கிணற்று வாளியில் வந்தது. கழுவித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் குழந்தை கையில் படாமல் பார்த்துக்கொள்.