பின்வாசல் விமானிகள்

சென்னை
10.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி அறிவு எழுதுவது. போன் அடித்தால் மாமா எடுத்து, நீ தூங்குகிறாய் என்கிறார். நடுப்பகலில் நீ தூங்கி நான் பார்த்ததில்லை. அதனால்தான் கடிதம்.

சின்ன விமானம் ஓட்டும் நீங்கள் எல்லோரும் ஒரே நாளில் வேலையை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டீர்கள் என்று இங்கே ஒரே பேச்சு. உங்கள் கம்பெனியை எங்கள் கம்பெனியோடு சேர்ப்பது முடிவாகிவிட்டது. சேர்ந்த பிறகு, எங்கள் கம்பெனிக்குள் வந்த தேதியிலிருந்துதான் சீனியாரிட்டி பார்க்க வேண்டும் என்பது பெரிய விமானம் ஓட்டும் எங்கள் சங்கத்தின் நிலை. நீ பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இது நான் ஒருவன் எடுத்த முடிவு இல்லை. கமிட்டியில் நான் வெறும் துணைச் செயலாளர்.

பிடிவாதம் வேண்டாம் அக்கா. விக்கிரமங்கலத்திலிருந்து அம்மா தினமும் போன் செய்து உன்னைப் பற்றித்தான் கேட்கிறாள். வேலைக்குத் திரும்பு. பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்பு மாறாத தம்பி
அறிவரசன்


பெரம்பலூர்
17.02.2025

அன்புத் தம்பி அறிவுக்கு,

கடிதம் வந்தது. பாப்பாவுக்குச் சளி, மற்றபடி எல்லோரும் நலம்.

கொட்டும் மழையில், குட்டை ஓடுபாதையில், பக்கவாட்டுக் காற்று தள்ளத் தள்ள ஆட்களைப் பத்திரமாக இறக்கிய வருஷங்கள் எல்லாம் இனிமேல் சைபர். போன மாதம் உங்களிடம் சேர்ந்தவன்கூட எனக்கு மேலே. கேப்டனாக இருக்கும் நான் மறுபடியும் துணை விமானி. எங்கள் சர்வீஸைக் கணக்கில் எடுத்தால், நீ கேப்டன் ஆக இன்னும் ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும். அதை மட்டும் நீ எழுதவில்லை.

பிழைப்புக்கான சண்டை என்று அதைக்கூட விட்டுவிடுவேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் நீ பேசியதைப் பிரவீணா சொன்னாள். என்னோடு துணை விமானியாக ஓட்டுகிறவள். அவள் வீட்டுக்காரர் உங்கள் சங்கத்து ஆள். "பின்வாசல் வழியா வந்தவங்களுக்கு முன்வரிசை கேக்குதா" என்று நீ சொன்னாயாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

அரசாங்க உதவித்தொகையில் உனக்கு விமானப் பயிற்சி கிடைத்தபோது, அப்பா கூலி வேலை பார்த்த வீட்டு முதலாளி சொன்னதும் இதே வார்த்தைதான். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. அந்த வார்த்தை உன் வாயிலிருந்து எப்படி வந்தது?

நிஜமாகவே சொன்னாயா? அதை மட்டும் எழுது.

அக்கா
மணிமொழி


சென்னை
24.02.2025

அன்புள்ள அக்கா,

சொன்னேன். "ஒங்க அக்கா அந்தப் பக்கம், நீ எந்தப் பக்கம்?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. வாயில் வந்துவிட்டது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

இப்போது முக்கியமான விஷயம். நிர்வாகத்தில் பேசிவிட்டேன். உன் ஒருத்தியின் சர்வீஸை மட்டும் முழுதாகக் கணக்கில் எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். நீ கேப்டனாகவே தொடரலாம். ஆனால் முதல் ஆளாக நீ வேலைக்குத் திரும்ப வேண்டும். நீ திரும்பினால் மற்றவர்கள் தாங்கமாட்டார்கள், பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சங்கத்திலும் முணுமுணுக்காமல் இருக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

பிரவீணாவிடம் மூச்சு விடாதே. படித்ததும் இதைக் கிழித்துவிடு. உனக்காக எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன் என்று ஒருநாள் உனக்குப் புரியும்.

உன்
அறிவு


பெரம்பலூர்
21.04.2025

கேப்டன் அறிவரசன் அவர்களுக்கு,

போன வாரம் உங்களுக்குப் பதவி உயர்வு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இப்படி விளித்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. படித்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு பிரவீணாவை வரச்சொல்லி அவளிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "ஒங்களையும் இப்படித்தான்னு நெனச்சுட்டாங்களாக்கா?" என்றாள்.

வேலைநிறுத்தம் நிலைக்கவில்லை. வீட்டு நெருக்கடியில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லோரும் போன பிறகு, கடைசியாக நானும் உங்கள் நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் சலுகை வேண்டாம் என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் பழைய சர்வீஸுக்காகக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. அதில் என் பெயர் முதலில் இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் விக்கிரமங்கலம் வரும் நாளை அவளிடம் சொல்லி வையுங்கள். நான் வேறு நாளில் போய்க்கொள்கிறேன்.

அடுத்த மாதம் பெரிய விமானத்தில் எனக்குப் பயிற்சி. அதன்பின் என்றாவது நம் இருவரையும் ஒரே விமானத்தில் போட்டால் மாற்றித் தரச் சொல்லமாட்டேன். கேப்டனுக்கான இடது இருக்கையில் நீங்கள், துணை விமானிக்கான வலது இருக்கையில் நான். உயரம், வேகம், சக்கரம் என்று வேலைக்கு வேண்டியதையெல்லாம் தெளிவாகச் சொல்வேன். நீங்கள் கேட்பதற்கு உடனே பதில் வரும். தரையிறங்கியதும் என் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

இப்படிக்கு,
மணிமொழி
துணை விமானி