மேட்டுப் புல்லில் தீ

இன்று காலை கடைக் கதவைத் திறந்து மிளகாய் மூட்டையை வெளியே இழுத்து வைத்தபோது புகை வாசனை வந்தது. குப்பைப் புகை அல்ல, காய்ந்த புல் எரியும் வாசனை. கோட்டை மலைக்குப் பின்னால், நம் மேட்டின் மேல், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு எழுந்துகொண்டிருந்தது. அதன்பின் என்னால் உட்கார முடியவில்லை. துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்தை நிறுத்துக் கொடுத்தேன்.

உனக்கு அந்த மேடு வேலைக்குப் போகும் வழி. கிராம நர்ஸாக, தடுப்பூசிப் பெட்டியோடு ஊருக்கு ஊர் அதன் மேலேறித்தான் நடப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளித் தோழியான என்னையும் இழுத்துக்கொண்டு போவாய். உருண்டைப் பாறைகள், முழங்கால் உயரப் புல், நடுவில் வட்டமாக நட்ட கற்கள். ஊரார் பாண்டவர் குழி என்பார்கள்.

"பாண்டவரும் இல்ல, ஒண்ணும் இல்லடி. செத்தவங்கள பொதச்ச எடம். கோட்ட நேத்து வந்தது. இவங்க அதுக்கும் ரொம்ப மின்னாடி" என்பாய்.

ஒரு வருடம் பங்குனியில் கல்வட்டத்துக்குள் ஓர் ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டிருந்தது. நாம் தள்ளி உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தபோதுதான் கீழ்ச்சரிவில் தீயைப் பார்த்தோம். ஆடுகளுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று யாரோ வைத்தது. காற்று நம் பக்கம் திரும்பியது. குருவி கத்திக்கொண்டே எழும்பும், மறுபடி முட்டைமேல் வந்து உட்காரும். நீ ஆவாரங்கிளையை ஒடித்துக்கொண்டு ஓடினாய்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? அந்தாண்ட அடி!"

நான் ஓடிவிட்டேன். சாலைக்கு வந்துதான் நின்றேன். வெகுநேரம் கழித்து நீ இறங்கி வந்தாய், புருவம் கருகி, உள்ளங்கை கொப்பளித்து. "ஒண்ணு போயிடுச்சி. மூணு இருக்குது" என்றாய். பிறகு, "நீ சாப்டியா?" என்று கேட்டாய். அவ்வளவுதான்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே அந்தப் பேச்சை எடுத்தேன்.

"அன்னிக்கி நான் ஓடியாந்துட்டேன்..."

"அத்த வுடுடி. மூணும் பொரிச்சிடுச்சி, உன்கிட்ட சொன்னனா?"

மறுவாரம் நீ இல்லை.

இன்று கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். மேலே ஏறியபோது தீ கல்வட்டத்துக்கு இருபதடிக்குள் வந்திருந்தது. கையில் கிடைத்த கிளையை ஒடித்து அடித்தேன். ஆடு மேய்க்கும் ஒருவர் ஓடிவந்தார். "எந்த ஊரும்மா நீ? வெறும் புல்லு, எரிஞ்சா எரியட்டும்."

"அந்தாண்ட அடிங்க!" என்று கத்தினேன். அவர் மேல்துண்டை அவிழ்த்து அடிக்கத் தொடங்கினார். மதியத்துக்குள் அணைந்தது. வட்டத்துக்குள் குனிந்து குனிந்து தேடினேன். இந்த வருடம் கூடு எதுவும் இல்லை. அடுத்த பாறைக்கும் போய்த் தேடினேன். அங்கும் இல்லை. திரும்பி வர மனம் வரவில்லை.

கை எரிகிறது, எழுத்து கோணுகிறது. நீ அன்று என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அன்றே அழுது முடித்திருப்பேன். நீ சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை என்னிடமே இருக்கிறது. எங்கேயும் அது என்னை உட்கார விடுவதில்லை.