ரெண்டு புள்ளியும் ஒரு ஹெல்மெட்டும்

கிண்ணியா
2025 ஜூன் 8

அன்பான மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகளும் சுகம். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? துறைமுகத்துக் கப்பல் கொம்பனி வேலைக்கு இங்கிலிஷ் சோதினை அடுத்த மாசமாம். இந்த வேலை எனக்குக் கிடைச்சிட வேணும் எண்டு தொழுது கேக்கிறன். வழமை போல இங்கிலிஷில ஒரு பக்கம் எழுதி, இந்தக் கடிதத்தோட படம் புடிச்சு ஃபோனில அனுப்புறன், சிவப்பில திருத்தி அனுப்புங்க.

ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. போன தரம் நீங்க திருத்திப் போட்ட கோலன் பிழை. அதுக்கு முன்னால முழு வசனம் நிக்கணும். பாதி வசனத்தில ரெண்டு புள்ளியைக் குத்திப்போட்டுச் சாமான் பேரை அடுக்க ஏலாது.

உங்கட
பஸ்மியா

தோஹா
ஜூன் 12

பஸ்மியா,

வ அலைக்கும் ஸலாம். உன்ட பக்கத்தில திருத்த ஒரு எழுத்துமில்ல. நாலு வருசமாப் பிழை விட்டவள், ஒரு மாசத்தில எனக்கே கோலன் படிப்பிக்கிறாய். ஆரு சொல்லித் தாற?

அன்ஸார்

கிண்ணியா
ஜூன் 14

மச்சான்,

சுகம் கேக்காம இப்பிடியா எழுதுற? கீர்த்தனி டீச்சர் டவுனில இருந்து வந்து படிப்பிக்கிறா. பாஸ் பண்ணின பொறகு சொல்லி உங்களச் சந்தோசப்படுத்துவம் எண்டு இருந்தன். பொத்தி வெச்சது என்ட மடத்தனம்.

பஸ்மியா

தோஹா
ஜூன் 20

பஸ்மியா,

டீச்சராம் டீச்சர்! பின்னேரத்தில வாசல்ல பெரிய கறுப்பு ஹெல்மெட்டும் ஆம்புளக் கோட்டும் கிடக்கிறத என்ட கூட்டாளி சரீப் ரெண்டு தரம் பாத்திருக்கான். நெருப்பில்லாமப் புகையுமா? என்ட வீட்டுக்குள்ள ஆரு அது? சோதினையும் வேணாம், வேலையும் வேணாம். பூட்ட மாத்தித் திறப்பத் தன்ட கையில வெச்சிருக்கச் சொல்லி சரீப்பிட்டச் சொல்லிட்டன்.

அன்ஸார்

கிண்ணியா
ஜூலை 14

மச்சான்,

உங்கட கூட்டாளி சரீப் பூட்டோட வந்தார். கதவத் திறந்தது கீர்த்தனி டீச்சர். பாலம் கடந்து ஸ்கூட்டியில வாறவ, வெயிலுக்குப் புருசன்ட கோட்டையும் ஹெல்மெட்டையும் போடுறா. மனுசன் பூட்டை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு, "டீச்சர், என்ட மகளுக்கும் படிப்பிப்பீங்களா?" எண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்திச்சு, அழுகையும் வந்திச்சு.

'என்ட வீடு' எண்டு எழுதியிருக்கீங்க. இது என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. இங்க பொட்டியோட வந்த மாப்பிள்ளை நீங்க. வீடு பொம்புளைக்குத்தான் எண்ட ஊர் வழமை தோஹாவில மறந்து போச்சா? உங்களில உயிரையே வெச்சிருந்தன். ஒரு ஹெல்மெட்டுக்காக என்னப் பூட்டி வைக்கப் பாத்தீங்களே.

சோதினை பாஸ். ஒண்ணாம் திகதி வேலைக்குப் போறன். இங்கிலிஷ் பக்கம் இனி அனுப்ப மாட்டன். பூட்டை நானே மாத்திட்டன்.

லீவில வந்தா நேர உங்கட உம்மா வீட்டுக்குப் போங்க. மகள அங்க அனுப்பி வைக்கிறன்.

பஸ்மியா