பிரதீபாவுக்கும் சேர்த்துக் கிண்டிய களி

பாரதி,

களி குண்டானில் மூடி இருக்கிறது. கீரைக் குழம்பைச் சுட வைத்துக்கொள். சாயந்திரம் உன்னோடு வரப்போகும் பிரதீபாவுக்கும் சேர்த்துத்தான் கிண்டினேன். டிபன் பாக்ஸைப் பார்த்து உன்னைக் "களி மூட்டை" என்று வகுப்பே கூப்பிடும்படி செய்தவள், இப்போது நம் வீட்டுக் களிக்கே வருகிறாள். வரட்டும்.

ஹெச்.எம். ரூமில் நான் சண்டை போட்டதால்தான் அவள் பிரேயரில் மைக் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். நீயோ, "எழுதிக் குடுத்ததப் படிச்சா அது மன்னிப்பாம்மா? அத்தன பேரு முன்னாடி அவள அழ வெச்சிட்ட" என்றாய். அன்றைக்கு நிறுத்தியதுதான் என்னோடு பேச்சை. மறுநாள் அவளாகவே சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து சாரி கேட்டாளாமே. அதையும் அப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறாய். போனில் அவளோடு அப்படிச் சிரிக்கிறாய். நான் கூப்பிட்டால் "ம்".

தருமபுரியில் சித்தியைப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வந்துவிடுவேன். டேங்க் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்து.

நெய் சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது. அது உனக்கு. அவள் கேட்டால் கொடு, நீயாக ஊற்றாதே.

இன்னொன்று. எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். அவளை அப்படி நிற்க வைத்தது தப்புதான். இந்தச் சீட்டை அவளிடம் காட்டாதே.

அவளை ஒரே நாளில் மன்னித்துவிட்டாய். எனக்கு ஒரு வாரமாகிறது.

அம்மா