இரண்டு தடவை வந்த வரி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பைப் பொறுத்தவரை இங்கே நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்க ஆண்டவன் துணை இருக்கட்டும். மனசைப் பற்றிக் கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போன் செய்தபோது நம் முன்னறையில் இருந்தவர்கள், நான், உன் அப்பா, உன் அக்கா, மாப்பிள்ளை, வாஷிங் மெஷின் பார்க்க வந்த மெக்கானிக், ஆக ஐந்து பேர். அக்காவின் பாப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது, அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எதற்கு இப்படி ஆஜர் எடுப்பதுபோல் எழுதுகிறாள் என்று நினைக்காதே, காரணம் பின்னால் வரும்.

அன்று மெக்கானிக் மெஷினின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு டீக்காக உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரை உன் அப்பா விடுவாரா, ஆரம்பித்துவிட்டார். எங்க சின்னப் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் அடியில கெர்னல்னு ஒண்ணு ஓடுதுல்ல, அதை எப்படிப் பயன்படுத்தணும்னு விளக்கம் எழுதி வச்சுப் பாத்துக்கிறதுதான் அவ வேலை, அதைத் தமிழ்லயும் அவளே போடுறா, அந்தத் தமிழை யார் சரிபார்க்குறாங்கன்னு நினைக்கிறீங்க, இதோ டீ கொடுக்கிறாளே இவதான், எட்டாவதோட நின்னவ, கெர்னலே இவகிட்ட வந்துதான் ஒற்று வாங்கிட்டுப் போகுது, என்று. மெக்கானிக் என்னை நிமிர்ந்து பார்த்து, நீங்களாம்மா, என்று டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உன் போன். அப்பா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். நீ யாரையும் விசாரிக்காமல் எடுத்த எடுப்பில், அம்மா, அந்தப் பூட்டுப் பாடத்துல சாம்பிள் கோட்ல ஏதாவது கை வச்சியாம்மா, என்று கேட்டாய். நான் ஏன்டி அதைத் தொடப்போறேன், என் வேலை ஒற்றோட சரி, என்றேன். நீ, சரிம்மா, அப்ப நான்தான் ஏதோ பண்ணியிருக்கேன், என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நான் சொன்னது பொய். மறந்துபோய்ச் சொன்னதும் இல்லை, நீ பூட்டு என்ற உடனேயே அந்த வரி கண் முன்னால் வந்து நின்றது. நாலு பேர் எதிரில், அதுவும் அப்பா அப்படித் தூக்கி வைத்துப் பேசிய அந்த நிமிஷத்தில், ஆமாம் தொட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று சலித்துக்கொள்ளாதே, வரிசையாக எழுதினால்தான் எனக்கு வரும். நீ பக்கத்தை மெயிலில் அனுப்புவாய், நான் பிழை திருத்தி முழுப் பக்கமாகத் திருப்பி அனுப்புவேன், நீ அதை அப்படியே எடுத்து உன் பெயரில் ஏற்றுவாய். முதல் நாளே சட்டம் போட்டாய், தமிழ் எல்லாம் உன் ராஜ்ஜியம்மா, நடுவுல வர்ற நிரல், அந்தக் கோட், என் ராஜ்ஜியம், அதுல ஒரு கமாவைக்கூடத் தொடாதே, என்று. இருபத்தேழு பாடம் வரை நான் எல்லை தாண்டவில்லை. இருபத்தெட்டாவதுதான் பூட்டுப் பாடம். நீ லாக் என்றே விட்டிருந்தாய், வீட்டில் தொங்கும் சாமான்தானே, பூட்டு என்றே போடேன் என்று சொன்னது நான், அதில் எனக்கு ஒரு தனி மிதப்பு. அந்த மிதப்போடு நிரலுக்குள்ளும் கண்ணை விட்டேன். ஒரே நேரத்தில் பல பேர் எண் கேட்டு வந்தால் ஆளுக்கு ஒன்றாகக் காலி எண்ணை எடுத்துக் கொடுப்பது எப்படி என்று காட்டும் பத்து வரி. எண் காலியா என்று பார்க்கும் வரி மேலே வந்தது, பூட்டும் வரி வந்தது, உடனே அந்தப் பார்க்கும் வரியே எழுத்துக்கு எழுத்து மறுபடியும் வந்தது. குழந்தை அவசரத்தில் இரண்டு தடவை ஒட்டிவிட்டது என்று நினைத்தேன். பால்காரர் ஒரே நாளை இரண்டு தடவை குறித்திருந்தால் ஒன்றை அடிக்கிறவள்தானே நான், கை அதற்குப் பழகிப்போயிருந்தது. கீழே இருந்ததை அடித்துவிட்டேன். இதைப் போய்ச் சொல்லி உன்னை ஏன் வெட்கப்படுத்த வேண்டும் என்று உனக்கு எழுதவும் இல்லை. உனக்கு ஓர் உபகாரம் செய்துவிட்ட திருப்தியில் அன்று பூராவும் சந்தோஷமாகத் திரிந்தேன், அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் குத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் போன பிறகு பாடத்தை எடுத்துப் படித்தேன், பிழை பார்க்க இல்லை, பாடமாக. மாதிரி நிரலுக்கு நேர் மேலே நீயே எழுதியிருக்கிறாய், ‘பூட்டுவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும், பூட்டிய பின் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனெனில் நாம் பூட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் வேறொருவர் அதே எண்ணை எடுத்துச் சென்றிருக்கலாம்’ என்று. என் திருத்த நோட்டைப் புரட்டினேன். தேதி, பாடம், வரி, முன்பு என்ன, பின்பு என்ன என்று நான் எழுதி வைப்பது உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் ‘பூட்டுக்காக காத்திருந்த, க் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்தேன்’ என்று ஒரு பதிவு. அதற்கு அடுத்த பதிவு ‘ஒரே வரி இரண்டு தடவை, ஒன்றை அடித்தேன்.’ பார்த்தாயா உன் அம்மாவின் லட்சணத்தை. ஏன் இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லும் வாக்கியத்துக்கு க் போட்டிருக்கிறேன், அது என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. இத்தனைக்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான். உன் பரீட்சை நாளில் அப்படி இழுத்துப் பார்க்கப் போய்த்தான் பஸ்ஸை விட்டோம், வழியெல்லாம் நீ என்னைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தாய்.

அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றும் நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு வைத்திருக்கிறேன், ஒன்றைக் கிழித்தால் அதன் ஜோடித் தாள் தனியாகக் கழன்று வரும், அதனால்தான் கை நின்றது. பயபக்தியால் நின்றது என்று எழுத ஆசைதான், ஆனால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நீங்கள் எல்லோரும் எழுதிக்கொள்ளும் பொதுக் குழுவின் கடிதங்களை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஒருநாள் காட்டிக்கொடுத்தாய். திங்கட்கிழமை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தேன், சமையல் ஆக மணி இரண்டாகிவிட்டது. ஓர் அலுவலகத்துக்கு டோக்கன் எந்திரம் செய்து கொடுத்தவர்கள் தமிழ்ப் பக்கத்து மாதிரியை எடுத்து அப்படியே போட்டிருக்கிறார்கள், கூட்டம் இல்லாத நாளில் ஒன்றும் தெரியவில்லை, கூட்டம் சேர்ந்த நாளில் ஒரே எண் இரண்டு பேர் கையில் வந்திருக்கிறது. வேண்டியவங்களுக்குப் பின்வழியா நம்பர் கொடுக்கிறான் என்று சன்னலில் இருந்த குமாஸ்தாவைச் சட்டையைப் பிடிக்கப் போயிருக்கிறார்கள். பாவம், முகம் தெரியாத அந்த மனிதருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அதற்குக் கீழே நீ கறார்காரர் என்று சொல்வாயே, அந்தப் பெரியவர் எழுதியிருப்பதைப் படித்தேன். மூலப் பக்கத்தில் சரியாக இருக்கும் வரி தமிழ்ப் பக்கத்தில் மட்டும் எப்படிக் காணாமல் போகும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பக்கங்களை வைத்திருப்பதைவிட எடுத்துவிடுவது மேல், இருபதாம் தேதிக் கூட்டத்தில் முடிவு செய்வோம் என்று. அதற்கு நீ ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறாய், கவனக்குறைவு முழுவதும் என்னுடையது என்று. நாலு வருஷமாக லீவு நாளில்கூட உட்கார்ந்து நீ சேர்த்த பக்கங்கள். என் ஒரு வரியால் அவை போகப் பார்க்கின்றன, பழி உன் தலையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு உனக்கு மூன்று தடவை போன் செய்தேன், நினைவிருக்கும். மூன்று தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டேன், மழையா என்று கேட்டேன், வைத்துவிட்டேன். என்னம்மா திடீர்னு இவ்வளவு பாசம், என்று சிரித்தாய். காலையில் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் பாதியில் சொற்கள் நின்றுவிடுகின்றன, பொய் சொன்ன வாயால் என்னத்தைக் கேட்பது. ஐந்து பேர் இருந்த இடத்தில் சொன்ன பொய்யை மற்ற நாலு பேரிடமும் திருப்பி எடுத்துக்கொண்டால்தான் எனக்கு ஆறும் என்று தோன்றியது, முதலில் ஆட்களை எழுதியது அதற்குத்தான். அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மெக்கானிக்கிட்ட மட்டும் சொல்லாதே, அவன்கிட்ட நான் ரொம்ப அளந்துட்டேன், என்றார். அக்கா முதலில் சிரித்தாள், பிறகு முகம் மாறி, அவ அங்க தனியா திட்டு வாங்கிட்டிருக்கா, நீ இங்க க் இருக்கா ச் இருக்கான்னு பாத்துட்டிருக்கே, என்று என்னை ஒரு பிடி பிடித்தாள், பிடிக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளை, விடுங்க அத்தை, எங்க ஆபீஸ்ல இதைவிடப் பெரிசா பண்ணிட்டு அன்னிக்கே லீவு போட்டு ஊருக்குப் போனவங்க இருக்காங்க, என்று எனக்கு ஆறுதல் சொன்னார், தங்கமான பிள்ளை. மெக்கானிக் செவ்வாய்க்கிழமை பெல்ட் மாட்ட வருகிறார், அப்பா மாடியில் இருக்கும்போது அவரிடமும் சொல்லிவிடுவேன்.

வேறு செய்தி என்றால், அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் படி ஏறும்போது மட்டும் பக்கத்தில் யாராவது இருந்தால் முனகுகிறார். அக்கா வீட்டுப் படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்குகிறது, கொத்தனார் நாளைக்கு நாளைக்கு என்கிறார். பாப்பா தவழ்வதை விட்டுவிட்டுப் பின்பக்கமாக நகர்கிறது, எதை எடுக்கக் கிளம்புகிறதோ அதிலிருந்து தூரமாகப் போய் அழுகிறது. நீ கழுத்து வலி என்றாயே, உயரமான தலையணையை விட்டாயா. கோபத்தில் இருக்கும்போது அந்தக் கறார்காரருக்குப் பதில் போடாதே, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போடு. அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் திருத்தி அனுப்பிய பக்கம் உன் மெயிலில் அப்படியே இருக்கும், திறந்து உன் பக்கத்தோடு வைத்துப் பார்த்தால் வரி எங்கே போனது என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எங்கம்மா பார்த்த பக்கத்தை நான் மறுபடி பார்க்கவே மாட்டேன், என்று நீ உன் சிநேகிதியிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். நான் இல்லை என்றதும் பார்க்காமலே நம்பிவிட்டாயா, அல்லது பார்த்துவிட்டுத்தான் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று பழியை நீ எடுத்துக்கொண்டாயா. இரண்டில் எது என்றாலும் எனக்குத் தாங்காது, ஆனாலும் எது என்று சொல்.

இதோடு அந்த நோட்டுப் பக்கத்தின் நகலை வைத்திருக்கிறேன், தேதி தெளிவாகத் தெரிகிறது, என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். குழுவுக்கு என் பெயரிலேயே நாலு வரி இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறேன், வரியை எடுத்தது நான், கேட்டபோது மறைத்ததும் நான், பக்கங்களையும் அவளையும் விட்டுவிடுங்கள், இனி என் கண் படும் பக்கத்தை வேறொருவரும் பார்த்த பிறகே ஏற்றுங்கள் என்று. இலக்கணம் எப்படி இருக்கிறதோ, உண்மை இருக்கிறது. ஆனால் அனுப்பவில்லை. உன் ராஜ்ஜியத்தில் உன்னைக் கேட்காமல் கை வைத்தது ஒரு தடவை போதும். நீ அனுப்பு என்றால் அந்த நிமிஷமே அனுப்புகிறேன், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றால் நகலைக் காட்டிச் சொல், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. இருபத்தொன்பதாம் பாடம் வந்து கிடக்கிறது, நீ சொல்லும் வரை அதைத் திறக்கமாட்டேன்.

ஆண்டவன் நீ கையில் எடுத்த வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கட்டும், என்னால் வந்த குறை என்னோடு நிற்கட்டும். வெளியே கிளம்பும்போது கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போ. கூரியர்காரர் ஆறு நாளில் சேர்ந்துவிடும் என்கிறார், அப்படியானால் பதினாறாம் தேதி உன் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பதினெட்டாம் தேதிக்குள் எனக்குப் பதில் சொல்லிவிடு.